பிள்ளைகளோடு போன பணம்: நார்மண்டி பள்ளி மாவட்டத்தில் நடந்தது

2013 ஜூலை 11, வியாழக்கிழமை சாயங்காலம். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் நகருக்கு மேற்கே ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கிறது பிரான்சிஸ் ஹவெல் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளி. அன்று அதன் விளையாட்டு அரங்கத்தில் ஆயிரக்கணக்கான பெற்றோர் கூடியிருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக மைக் முன்னால் வந்து கேள்வி கேட்டார்கள். வாசலில் மெட்டல் டிடெக்டர் வைப்பீர்களா? மோப்ப நாய் வருமா? எங்கள் பள்ளிகளின் மதிப்பெண் சரிந்தால் எங்களுக்கும் அங்கீகாரம் போய்விடுமா? பள்ளி தொடங்கும் நேரத்தை இன்னும் முன்னால் தள்ளிவிட்டால் அவ்வளவு தூரத்திலிருந்து யாரும் வரமாட்டார்களே என்று ஒரு தாய் யோசனை சொன்னார். இது நிறத்தைப் பற்றிய பேச்சு இல்லை என்று ஒரு குரல் சொன்னபோது அரங்கம் கைதட்டியது.

அவர்கள் பயந்தது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பார்த்து. ஆற்றுக்கு இந்தக் கரையில் இருந்த நார்மண்டி என்ற பள்ளி மாவட்டத்தின் பிள்ளைகள் அவர்கள். சொந்த மாவட்டம் மாநில அரசின் அங்கீகாரத்தை இழந்ததால் இங்கே படிக்க வரப்போகிறவர்கள். ஏறக்குறைய எல்லோரும் கறுப்பினத்தவர், பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள். பாலர் வகுப்பில் சேரப்போகிற ஐந்து வயதுக் குழந்தைகளும் அதில் உண்டு. அந்தக் கூட்டத்திலேயே நார்மண்டியிலிருந்து வந்திருந்த ஒரு தாயும் அவருடைய மகளும் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கூட்டத்தைப் பற்றி அமெரிக்காவில் நிறையப் பேசிவிட்டார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அதற்குப் பிறகு வந்த பில். நார்மண்டிப் பிள்ளைகள் வேறு மாவட்டத்துக்குப் போய்ப் படிக்கலாம் என்றது சட்டம். அந்தப் படிப்புக்கான கட்டணத்தை நார்மண்டியே கட்ட வேண்டும் என்றும் அதே சட்டம் சொன்னது. நோயாளிக்கு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, மருந்துக்கான காசை அவன் சாப்பாட்டுச் செலவிலிருந்து எடுத்த கதை இது. ஒரே வருஷத்தில் அந்த மாவட்டம் இல்லாமல் போனது.

பள்ளிக்கு எங்கிருந்து பணம் வருகிறது

அமெரிக்கப் பள்ளி மாவட்டம் எப்படி நடக்கிறது என்று தெரியாவிட்டால் இந்தக் கதை பிடிபடாது. அங்கே பள்ளி மாவட்டம் என்பது தனி உள்ளாட்சி அமைப்பு. நாடு முழுக்க சுமார் 13,000 இருக்கின்றன. மிசௌரி மாநிலத்தில் மட்டும் 500க்கு மேல், செயின்ட் லூயிஸ் நகரைச் சுற்றியுள்ள செயின்ட் லூயிஸ் கவுன்ட்டி என்ற நிர்வாகப் பகுதியில் 20க்கு மேல். ஒவ்வொன்றுக்கும் தனித் தேர்தல், தனி வாரியம், தனிக் கண்காணிப்பாளர். எல்லாவற்றுக்கும் மேலாக, தனி வரி. அந்த எல்லைக்குள் வீடோ கடையோ வைத்திருப்பவர் கட்டும் சொத்து வரியில் பெரும்பங்கு பள்ளிக்குப் போகிறது. மீதியை மாநில அரசும், கொஞ்சத்தை மத்திய அரசும் தருகின்றன.

அமெரிக்காவில் வீடு தேடும் நம்மவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். படுக்கையறை எத்தனை என்று பார்ப்பதற்கு முன்னால், வீடு எந்தப் பள்ளி மாவட்டத்தில் வருகிறது என்று பார்ப்பார்கள். தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை. அந்த விலை வித்தியாசமே வரி வித்தியாசமாகி, பள்ளி வித்தியாசமாகி, மறுபடியும் விலை வித்தியாசமாகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மிசௌரியில் வீட்டின் சந்தை மதிப்பில் 19 சதவீதத்தைத்தான் வரிக்கு எடுத்துக்கொள்வார்கள். கடை, அலுவலகம் என்றால் 32 சதவீதம். 60 ஆயிரம் டாலர் பெறும் வீடு என்றால் வரிக்கான மதிப்பு 11,400 டாலர். நூறு டாலருக்கு 5 டாலர் என்று வரி போட்டாலும் பள்ளிக்குக் கிடைப்பது 570 டாலர். பக்கத்து மாவட்டத்தில் 6 லட்சம் டாலர் வீடு. அங்கே நூறுக்கு 4 டாலர் போட்டாலே 4,560 டாலர் வந்துவிடும். குறைந்த விகிதத்தில் வரி கட்டுகிறவரின் பள்ளிக்கு எட்டு மடங்கு பணம். இந்த எண்கள் புரிவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. ஆனால் நார்மண்டிக்கும் அதன் தெற்கே இருக்கும் கிளேட்டனுக்கும் நடுவே இருந்த நிலை இதே மாதிரிதான். கிளேட்டன் அந்தக் கவுன்ட்டியின் தலைநகரம், வானுயர்ந்த அலுவலகக் கட்டடங்கள் உள்ள ஊர். நார்மண்டியில் வரி விகிதம் அதிகம், வரும்படி குறைவு.

பள்ளிக்கான பணத்தைச் சொத்து வரியோடு இப்படிக் கட்டிப்போடுவது அரசியல் சட்டத்துக்கு விரோதமில்லையா என்று டெக்ஸாஸின் சான் அன்டோனியோ பெற்றோர்கள் உச்ச நீதிமன்றம் வரை போய்க் கேட்டார்கள். 1973இல், 5க்கு 4 என்ற கணக்கில், விரோதமில்லை என்று தீர்ப்பு வந்தது. அந்த ஒரு ஓட்டின் பாரம் இன்னும் இறங்கவில்லை.

நார்மண்டி எப்படி இருந்த ஊர்

நார்மண்டி என்றைக்கும் இப்படி இருந்ததில்லை. 1950களில் அது வெள்ளையர்களின் நடுத்தரப் புறநகர். பக்கத்தில் இருந்த பெல்லரிவ் கோல்ஃப் கிளப் வேறு இடத்துக்குப் போக முடிவு செய்து தன் நிலத்தை விற்பனைக்கு விட்டது. 1958இல் அந்த நிலத்தை 6 லட்சம் டாலருக்கு வாங்கியது யார் தெரியுமா? நார்மண்டி பள்ளி மாவட்டம். தங்கள் ஊர்ப் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளி முடித்ததும் கல்லூரிக்கு வெளியூர் போக வேண்டியிருக்கிறதே என்று, வரி கட்டும் மக்கள் கடன் பத்திரத்துக்கு ஓட்டுப் போட்டு வாங்கிக் கொடுத்த நிலம். கிளப் கட்டடத்திலேயே 1960இல் வகுப்புகள் தொடங்கின. 1963இல் அது மிசௌரி பல்கலைக்கழகத்தின் செயின்ட் லூயிஸ் கிளையாக வளர்ந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. ஒரு பள்ளி மாவட்டம் ஒரு பல்கலைக்கழகத்துக்கு விதை போட்டிருக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு மனம் நிறைந்தது. அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. பல்கலைக்கழக நிலத்துக்குச் சொத்து வரி கிடையாது.

அடுத்த இருபது வருஷத்தில் ஊரின் ஆட்கள் மாறினார்கள். செயின்ட் லூயிஸில் நிறம் பார்த்து வீடு ஒதுக்குவது பழைய பழக்கம். கறுப்பர்கள் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்று 1916இல் மக்களே ஓட்டுப் போட்டு ஒரு சட்டம் கொண்டுவந்த நகரம் அது. அந்தச் சட்டம் நிற்கவில்லை. உடனே வீட்டுப் பத்திரங்களிலேயே கறுப்பருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனை ஏறியது. நீதிமன்றங்கள் அந்த நிபந்தனையை நிறைவேற்றித் தரக்கூடாது என்று 1948இல் உச்ச நீதிமன்றம் சொன்ன புகழ்பெற்ற வழக்கு, இதே நகரத்தின் லபாடி அவென்யூவில் ஒரு வீட்டைப் பற்றியது.

சட்டம் இறங்கி வந்தபோது மனிதர்கள் நகர்ந்தார்கள். கறுப்புக் குடும்பங்கள் நகரத்திலிருந்து வடக்குப் புறநகர்களுக்கு வந்தன. வெள்ளைக் குடும்பங்கள் அங்கிருந்து மேற்கே போய், ஆற்றைத் தாண்டி, செயின்ட் சார்ல்ஸ் கவுன்ட்டியில் குடியேறின. பிரான்சிஸ் ஹவெல் பள்ளி மாவட்டம் அங்கேதான் இருக்கிறது. நடுவில் சில இடங்களில் வெளிப்படையாகவே கதவை அடைத்தார்கள். வடக்குப் பகுதியில் எல்லா நிறத்தவருக்குமான குறைந்த வாடகைக் குடியிருப்பு ஒன்று வரப்போகிறது என்று தெரிந்ததும், அங்கிருந்தவர்கள் 1970இல் பிளாக் ஜாக் என்ற பெயரில் புதிதாக ஒரு நகராட்சியை உண்டாக்கி, அடுக்குமாடிக்குத் தடை போட்டார்கள். மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் 1974இல் அது பாகுபாடு என்று தீர்ப்புச் சொன்னது.

இந்த ஊரில் கோடு கிழிப்பது அவ்வளவு சுலபம். செயின்ட் லூயிஸ் கவுன்ட்டிக்குள் ஏறக்குறைய 90 நகராட்சிகள். நார்மண்டி பள்ளி மாவட்டத்தின் சின்னப் பரப்புக்குள் மட்டும் அப்போது 24. சில ஊர்களில் சில நூறு பேர்தான் இருப்பார்கள், ஆனால் தனி மேயர், தனிப் போலீஸ், தனிக் கோர்ட்டு. வரி வரவில்லை என்றால் போக்குவரத்து அபராதம் போட்டு ஊரை நடத்தினார்கள். அந்த அபராதத்தைக் கட்டியவர்கள் யார் என்றால், நார்மண்டி பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்க வைத்த அதே அப்பா அம்மாக்கள்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். எல்லைக் கோட்டை அழிக்கவே முடியாது என்பதில்லை. பக்கத்திலேயே கின்லாக் என்ற கறுப்பர் ஊர் இருந்தது. 1937இல் வெள்ளையர் பகுதி பெர்க்லி என்று பிரிந்து தனிப் பள்ளி மாவட்டம் அமைத்துக்கொண்டது. கின்லாக் தன் வறுமையோடு தனியாக நின்றது. 1975இல் மத்திய நீதிமன்றம் கின்லாக், பெர்க்லி, பெர்குசன்-ஃப்ளோரிசன்ட் மூன்று மாவட்டங்களையும் ஒன்றாக இணைக்க உத்தரவு போட்டது. இணைத்தார்கள். ஆனால் அதற்கு முந்தைய வருஷமே, டெட்ராய்ட் வழக்கில், தவறு செய்ததாக நிரூபிக்கப்படாத புறநகர் மாவட்டத்தை, கறுப்பு வெள்ளைப் பிள்ளைகளைச் சேர்த்துப் படிக்க வைக்கும் நகரத்தின் கலப்புத் திட்டத்தில் சேர்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று சொல்லிவிட்டது. அதன் பிறகு கின்லாக் போன்ற உத்தரவுகள் அரிதாகிவிட்டன.

ஏழையோடு ஏழையை இணைத்தது

நார்மண்டிக்குப் பக்கத்தில் வெல்ஸ்டன் என்று அதைவிட ஏழையான மாவட்டம் ஒன்று இருந்தது. பிள்ளைகள் சில நூறு பேர்தான், எல்லோரும் கறுப்பர்கள். 2003இலேயே அங்கீகாரம் போய்விட்டது. 2010இல் மாநிலக் கல்வி வாரியம் வெல்ஸ்டனைக் கலைத்து, பிள்ளைகளை நார்மண்டியோடு சேர்த்தது. அப்போது நார்மண்டியே தள்ளாடிக்கொண்டிருந்தது. சுற்றிலும் கிளேட்டன், லாடூ என்று வசதியான மாவட்டங்கள் இருந்தும் அந்தக் கதவைத் தட்டவில்லை. நீந்தத் தெரியாதவன் கழுத்தில் இன்னொருவனைக் கட்டிவிட்ட மாதிரி. இந்தக் கதையின் முதல் தவறு அங்கே நடந்தது என்பது என் எண்ணம். அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் அதன் மேல் அடுக்கியவை.

இரண்டே வருஷம். 2012 செப்டம்பரில் நார்மண்டியின் அங்கீகாரத்தை ரத்து செய்ய மாநில வாரியம் முடிவெடுத்தது. 2013 ஜனவரி 1 முதல் அது அமலுக்கு வந்தது. அப்போது மாநிலத்தின் அளவுகோல் மொத்தம் 140 புள்ளிகள். தேர்வு மதிப்பெண், வருகைப் பதிவு, படிப்பை முடிப்பவர் விகிதம், கல்லூரிக்கோ வேலைக்கோ தயாராக இருப்பது இவற்றையெல்லாம் சேர்த்துப் போடும் கணக்கு. 70 சதவீதம் எடுத்தால் முழு அங்கீகாரம், 50 எடுத்தால் தற்காலிக அங்கீகாரம். 2013இல் நார்மண்டி எடுத்தது 11 சதவீதம். அந்தப் பள்ளிகளில் படிப்பு மோசமாக இருந்தது உண்மை. அதை மறைத்து இந்தக் கதையைச் சொல்ல நான் விரும்பவில்லை. வேறு பள்ளி கிடைத்தால் போதும் என்று ஏங்கிய பெற்றோரின் தவிப்பு நியாயமானது.

சட்டம் கதவைத் திறந்தது

1993இல் மிசௌரி ஒரு பள்ளிச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. அதில் ஒரு பிரிவு: அங்கீகாரம் இழந்த மாவட்டத்தில் இருக்கும் பிள்ளை, அதே கவுன்ட்டியிலோ பக்கத்துக் கவுன்ட்டியிலோ உள்ள அங்கீகாரம் பெற்ற மாவட்டத்துக்குப் போய்ப் படிக்கலாம். கட்டணத்தைப் பழைய மாவட்டம் கட்ட வேண்டும். ரொம்ப வருஷம் அந்தப் பிரிவு ஏட்டில் தூங்கியது. 2007இல் செயின்ட் லூயிஸ் நகர மாவட்டம் அங்கீகாரம் இழந்ததும், நகரத்துப் பெற்றோர் சிலர் கிளேட்டனுக்கு எதிராக வழக்குப் போட்டார்கள். வழக்கு மேலும் கீழுமாக இழுத்து, 2013 ஜூன் 11 அன்று மாநில உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டப் பிரிவு செல்லும் என்று உறுதி செய்தது.

அதற்குள் நகர மாவட்டம் 2012 அக்டோபரில் தற்காலிக அங்கீகாரத்தை மீட்டுவிட்டது. ஆக, நகரத்துக்காகப் போட்ட வழக்கின் தீர்ப்பு வந்து விழுந்தது நார்மண்டி மேலும், அதன் வடக்கே இருந்த ரிவர்வியூ கார்டன்ஸ் மேலும். பள்ளி திறக்க இரண்டு மாதம்கூட இல்லை.

பெற்றோர் எந்த மாவட்டத்தையும் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் நார்மண்டி பஸ் விட வேண்டியது ஒரே ஒரு மாவட்டத்துக்கு மட்டும்தான். அதை நார்மண்டி நிர்வாகமே தேர்வு செய்ய வேண்டும். அவர்கள் தேர்வு செய்தது பிரான்சிஸ் ஹவெல், சுமார் 40 கிலோமீட்டர் தூரம். இவ்வளவு தூரம் என்றால் பலர் போகமாட்டார்கள், பணம் மிச்சமாகும் என்றுதான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று அப்போதே பலர் பேசினார்கள். வெல்ஸ்டனிலிருந்து கிளேட்டனுக்குக் காரில் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். நார்மண்டிப் பிள்ளைகளோ இருட்டில் எழுந்து, விடியுமுன் பஸ் நிறுத்தத்தில் நின்று, மிசௌரி ஆற்றுப் பாலத்தைக் கடந்து போய்ப் படித்தார்கள்.

அப்படியும் போனார்கள். அதுதான் இந்தக் கதையில் என்னை அசைத்த இடம். மாவட்டத்தின் 4,000 பிள்ளைகளில் ஏறக்குறைய 1,000 பேர் வெளியே போகப் பெயர் கொடுத்தார்கள். 400க்கும் மேற்பட்டவர்கள் பிரான்சிஸ் ஹவெலுக்கே போனார்கள். ஜூலையில் அந்த அரங்கத்தில் என்ன பேசினார்கள் என்று தெரிந்தும் போனார்கள். பெற்றோருக்குத் தங்கள் ஊர்ப் பள்ளி மேல் எவ்வளவு நம்பிக்கை போயிருந்தால், தங்களை வேண்டாம் என்று கைதட்டிய இடத்துக்குப் பிள்ளையை பஸ் ஏற்றி அனுப்புவார்கள்?

பயந்த எதுவும் அங்கே நடக்கவில்லை. சுமார் 17,000 பேர் படிக்கும் பெரிய மாவட்டம் அது. நானூற்றுச் சொச்சம் பிள்ளைகள் அதில் கலந்து போனார்கள். பிரான்சிஸ் ஹவெலின் அங்கீகாரம் அப்படியே இருந்தது.

பில் வந்தபோது

இனி பணத்துக்கு வருவோம். கட்டணம் எவ்வளவு என்பதை நார்மண்டி தீர்மானிக்க முடியாது. சேர்த்துக்கொள்ளும் மாவட்டம் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு செலவழிக்கிறதோ அதுதான் கட்டணம். பிரான்சிஸ் ஹவெலுக்குச் சுமார் 11,000 டாலர், கிளேட்டன் என்றால் 20,000 டாலர் அளவில். பணக்கார மாவட்டத்தின் செலவை ஏழை மாவட்டத்தின் வரிப் பணத்திலிருந்து கட்ட வேண்டும் என்று அர்த்தம்.

பிள்ளை போனால் அவனுக்கான செலவும் போகுமே, அதை எடுத்துக் கொடுத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். பள்ளிக்கூடத்தின் செலவு அப்படித் தனித்தனியாகக் கழன்று வராது. 24 பேர் இருக்கும் இரண்டாம் வகுப்பிலிருந்து ஆறு பேர் போனால், மீதிப் பதினெட்டுப் பேருக்கும் அதே டீச்சர் வேண்டும், அதே அறை வேண்டும், குளிர்காலத்தில் அதே ஹீட்டர் ஓட வேண்டும். ஒரு பைசா குறையாது. ஆனால் ஆறு பிள்ளைகளுக்கான 66,000 டாலர் வெளியே போய்விடும். அது அந்த டீச்சரின் வருஷச் சம்பளத்தைவிட அதிகமாக இருக்கலாம். எதிர்ப்பக்கம் பாருங்கள். வந்த பிள்ளைகள் ஒரு வகுப்புக்கு ஒருவர் இருவர் என்று பரவியதால், சேர்த்துக்கொண்ட மாவட்டத்துக்குப் புதிதாக ஆகும் செலவு கொஞ்சம், வருமானம் நிறைய.

2013 அக்டோபரில் நார்மண்டி வாரியம் நூறு பேருக்கு மேல் வேலையிலிருந்து நிறுத்த முடிவு செய்தது. பெல்-நோர் தொடக்கப் பள்ளியை ஆண்டின் நடுவிலேயே மூடினார்கள். கட்டண பில்களைக் கட்டமாட்டோம் என்று ஒரு முறை தீர்மானம் கூடப் போட்டுப் பார்த்தார்கள். சட்டம் விடவில்லை. வசந்த காலத்துக்குள் கஜானா காலியாகிவிடும் என்று தெரிந்து, மாநிலச் சட்டமன்றம் அவசரப் பணம் ஒதுக்கித்தான் அந்தக் கல்வியாண்டை முடிக்க முடிந்தது.

போகாத 3,000 பிள்ளைகளைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன். அவர்கள் தங்கள் பள்ளியிலேயே இருந்தார்கள். டீச்சர் போனார், பெல்-நோர் பிள்ளைகளுக்கு வருஷ நடுவில் பள்ளிக்கூடமே மாறியது. வெளியே போகும் உரிமையைப் பயன்படுத்தாத பிள்ளை அதற்கான விலையைக் கொடுத்தது. இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் அந்தப் பிள்ளையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. மாநிலம் கட்டணத்தைத் தானே ஏற்றிருக்கலாம். அங்கீகாரத்தைப் பறித்தது மாநிலம், பள்ளி நடத்தும் கடமையை அரசியல் சட்டத்தில் எழுதி வைத்திருப்பதும் மாநிலம். அது செய்யாததுதான் இந்தக் கதையின் மையம்.

பெயரை மாற்றினார்கள்

2014 மே மாதம் மாநிலக் கல்வி வாரியம் நார்மண்டி பள்ளி மாவட்டத்தைக் கலைத்தது. ஜூலை 1 முதல் நார்மண்டி ஸ்கூல்ஸ் கொலாபரேட்டிவ் என்ற புதுப் பெயர். மக்கள் தேர்ந்தெடுத்த வாரியத்துக்குப் பதில் மாநிலம் நியமித்த வாரியம். எல்லை அதேதான், பள்ளிகளும் பிள்ளைகளும் அதே. ஆசிரியர்கள் தங்கள் சொந்த வேலைக்கே மறுபடி விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. பலர் திரும்பி வரவில்லை.

பெயர் மாற்றத்தில் ஒரு சட்ட நுணுக்கம் இருந்தது. பழைய மாவட்டம்தான் அங்கீகாரம் இழந்தது. புதிய மாவட்டத்துக்கு, மாநிலத்தின் மேற்பார்வையில் இருப்பதால், அங்கீகார நிலை என்று ஒன்று கிடையாது. அங்கீகாரம் இல்லாத மாவட்டம் இல்லையென்றால் மாற்றல் உரிமையும் இல்லை. அந்த ஜூனிலேயே பிரான்சிஸ் ஹவெல் வாரியம் இனி நார்மண்டிப் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை என்று அறிவித்தது. ஒரு வருஷம் விடியுமுன் எழுந்து போய்ப் படித்து, அங்கே தோழர்கள் கிடைத்து, அப்போதுதான் ஊன்றிய பிள்ளைகள். ஒரு தாளில் பெயர் மாறியதால் வராதே என்றார்கள்.

பெற்றோர் கோர்ட்டுக்குப் போனார்கள். அதே நேரத்தில்தான் உலகத்தின் பார்வை இந்தப் பக்கம் திரும்பியது.

மைக்கேல் பிரவுன் நார்மண்டி உயர்நிலைப் பள்ளி மாணவர். பச்சைப் பட்டமளிப்பு அங்கியும் சிவப்புத் துண்டுமாக அவர் நிற்கும் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது நார்மண்டியின் அங்கி. 2014 ஆகஸ்ட் தொடக்கத்தில்தான் படிப்பை முடித்து டிப்ளமா வாங்கினார். ஆகஸ்ட் 11, திங்கட்கிழமை ஒரு தொழிற்கல்வி நிலையத்தில் சேர இருந்தார். ஆகஸ்ட் 9, சனிக்கிழமை பெர்குசனில் ஒரு போலீஸ்காரர் அவரைச் சுட்டுக் கொன்றார். வயது 18. அவன் பள்ளியை விட்டுவிடாமல் படித்து முடிக்க நான் எவ்வளவு பாடுபட்டேன் தெரியுமா என்று அவருடைய தாய் அன்று தெருவில் நின்று கேட்டார். மகன் இறந்த வேளையில் ஒரு தாய்க்கு முதலில் நாக்கில் வந்தது பள்ளிக்கூடம். நார்மண்டியில் படிப்பை முடிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்தக் கேள்வியின் கனம் தெரியும்.

ஊர் கொந்தளித்துக்கொண்டிருந்த அந்த வாரத்தில், ஆகஸ்ட் நடுவில், நீதிபதி மைக்கேல் பர்ட்டன், வழக்குப் போட்ட குடும்பங்களின் பிள்ளைகள் தொடர்ந்து அங்கே படிக்கலாம் என்று இடைக்கால உத்தரவு கொடுத்தார். 2015 பிப்ரவரியில் இன்னும் தெளிவாகத் தீர்ப்புச் சொன்னார்: பெயர் மாற்றி மாநிலம் எடுத்துக்கொண்டாலும் நார்மண்டி அங்கீகாரம் இல்லாத மாவட்டம்தான், பிள்ளைகளுக்கு உரிமை உண்டு.

சட்டமன்றம் இதைச் சரிசெய்ய இரண்டு முறை மசோதா கொண்டுவந்தது. முதல் மசோதாவில் பொதுப் பணம் தனியார் பள்ளிக்குப் போக வழி இருந்ததால் ஆளுநர் ஜே நிக்சன் 2014இல் ரத்து செய்தார். 2015இல் வந்ததையும் ரத்து செய்தார். கட்டணத்துக்கு உச்சவரம்பு வைக்கும் பேச்சு இப்படியே தள்ளிப் போனது.

மெதுவாக ஏறியது

பிள்ளைகள் வெளியே போன வருஷத்துக்கான மதிப்பீடு 2014இல் வெளிவந்தபோது நார்மண்டி 11 சதவீதத்திலிருந்து 7க்கு இறங்கியிருந்தது. மாநிலம் நேரடியாக நடத்திய முதல் வருஷமாவது நன்றாக இருந்திருக்க வேண்டும் அல்லவா? புதிய நிர்வாகத்தின் கீழ் முதல் வருஷத்தில் நிரந்தர ஆசிரியர் இல்லாமல் மாற்று ஆட்களை வைத்து ஓடிய வகுப்புகள் உயர்நிலைப் பள்ளியில் உண்டு.

அதன் பிறகு சார்ல்ஸ் பியர்சன் கண்காணிப்பாளராக வந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏறினார்கள். ரிவர்வியூ கார்டன்ஸ் 2017 தொடக்கத்தில் தற்காலிக அங்கீகாரம் பெற்றது. நார்மண்டிக்கு 2018 ஜனவரியில் கிடைத்தது. ஐந்து வருஷம். 2013இல் பாலர் வகுப்பில் சேர்ந்த பிள்ளை அப்போது நான்காம் வகுப்பில் இருந்திருக்கும். ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர் பள்ளியையே விட்டுப் போயிருப்பார். அந்த ஐந்து வருஷம் உள்ளே நின்று பாடம் நடத்திய ஆசிரியர்களைப் பற்றி யாரும் நிறைய எழுதவில்லை. அவர்களுக்கு என் வணக்கம்.

ஆற்றுக்கு அந்தக் கரையில் பேச்சு முடியவில்லை. ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு 2020இல் பிரான்சிஸ் ஹவெல் வாரியம் இனப் பாகுபாட்டுக்கு எதிராக ஒரு தீர்மானம் போட்டிருந்தது. 2023இல் புதிய வாரியம் அதை நீக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் கறுப்பர் வரலாறு, கறுப்பர் இலக்கியம் என்ற இரண்டு விருப்பப் பாடங்களையும் எடுத்துவிட ஓட்டுப் போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும், பாடத்திட்டத்தை மாற்றி எழுதி வைத்துக்கொள்ளலாம் என்று பின்வாங்கியது.

நார்மண்டி தற்காலிக அங்கீகாரம் பெற்றதோடு 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் மாற்றல் வழி அங்கே அடைபட்டது. கிளேட்டனுக்கும் நார்மண்டிக்கும் நடுவே உள்ள எல்லை இருந்த இடத்திலேயே இருக்கிறது, சொத்து வரிக் கணக்கும் அதே முறையில்தான் போடப்படுகிறது. 2022இல் நார்மண்டி எல்லைக்குள் ஒரு சார்ட்டர் பள்ளி, அதாவது அரசுப் பணத்தில் மாவட்டத்துக்கு வெளியே தனி அமைப்பு நடத்தும் பள்ளி, திறந்தது. செயின்ட் லூயிஸ் கவுன்ட்டிக்கு அது முதல் சார்ட்டர் பள்ளி. மாவட்டத்துப் பள்ளியை விட்டு அங்கே சேரும் பிள்ளைக்கான அரசு நிதி, பிள்ளையோடு அங்கே போகிறது.